பராமரிப்பு இரவில் என்ன நடக்கிறது?

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி ஒன்றின் நிறைவு நாளில் தரவுத்தள நிர்வாகி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“பராமரிப்புப் பணி காரணமாக இன்று இரவு 10 மணி முதல் நாளை காலை 6 மணி வரை இணையதளம் செயல்படாது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.” இந்த இரண்டு வரிகளைப் பார்க்காதவர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். வங்கித் தளத்தில் பார்த்திருப்பீர்கள். மாணவர் விவரங்களைப் பதியும் தளத்திலும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் பாதிப் பெயர்களை ஏற்றி முடித்திருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் படும்.

என் அப்பா ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர். ஒருநாள் என்னிடம் கேட்டார்: “ராத்திரி பூரா சர்வரை மூடி வச்சுக்கிட்டு அப்படி என்னதாம்மா பண்ணுவீங்க?” அந்தக் கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று உங்கள் முன்னால் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எமிஸ் தளத்தில் பணிபுரிபவள் அல்ல. அதன் உள்ளமைப்பைப் பற்றிப் பேசப் போவதும் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக வெவ்வேறு நிறுவனங்களில் தரவுத்தளங்களைப் பராமரித்து வருகிறேன். பெரிய தரவுத்தளம் எதுவானாலும் அதை மேம்படுத்தும் இரவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கழியும்.

பழைய பதிவேடும் புதிய பதிவேடும்

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பாவின் பள்ளியில் மாணவர் சேர்க்கை நீக்கப் பதிவேடு செல்லரித்துவிட்டது. புதிய பதிவேட்டில் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். கோடை விடுமுறையில் அப்பாவும் இன்னோர் ஆசிரியரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவர் அளவுகோலை வரிக்குக் கீழே வைத்துச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் எழுதுவார். பக்கம் முடிந்ததும் எழுதியவர் வாசிப்பார், வாசித்தவர் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்ப்பார். கடைசியில் பெயர்களை எண்ணுவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் பழைய பதிவேட்டை அப்பா தூக்கிப் போடவில்லை. துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். “இதுல ஒரு வரி தப்பினா ஒரு பிள்ளைக்குப் பிறந்த தேதியே இல்லாமப் போயிரும்” என்றார்.

தரவுத்தள சர்வரை மேம்படுத்துவதும் இதே வேலைதான். பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்கு ஒரு வரி தப்பாமல் போக வேண்டும். வழியில் ஏதாவது கெட்டுவிட்டால் பழையதற்குத் திரும்பவும் முடிய வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதி மாற்றுவதற்குச் செலவாவதில்லை. சரிபார்ப்பதற்கும், திரும்பும் வழியைத் திறந்து வைப்பதற்கும்தான் செலவாகிறது.

ஏன் மாற்ற வேண்டும்?

நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் வரைதான் பிழைத்திருத்தங்களும் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவார்கள். 2019 அக்டோபரில் வந்த 12-ஆம் பதிப்புக்கு 2024 நவம்பரில் கடைசித் திருத்தம் வந்தது. அதன் பிறகு அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. பிள்ளைகளின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும் வீட்டுக்குப் பூட்டுப் பழுதானால் மாற்றித்தானே ஆக வேண்டும்?

அந்த இரவுக்கு முந்தைய வாரங்கள்

வேலை அன்று இரவு தொடங்குவதில்லை. ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும். தரவுத்தளத்தின் முழு நகலை இன்னொரு கணினியில் இறக்கி ஒத்திகை பார்ப்போம். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிப்போம். எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை, எது தவறினால் என்ன செய்வது, எத்தனை மணிக்குள் முடியாவிட்டால் திரும்பிவிடுவது என்று பட்டியல் எழுதுவோம். அந்த இரவில் ஒருவர் பட்டியலை வாசிப்பார், இன்னொருவர் தட்டச்சு செய்வார். அளவுகோல் மட்டும்தான் இல்லை.

பேக்கப் எனப்படும் காப்பு நகலைப் பற்றி ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரிலிருந்த தரவை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடிகளில் தவறு புரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

சரி, காப்பு நகல் இருக்குமே என்று பார்த்தார்கள். வழக்கமான நகல் அங்கே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு. நகல் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. இரண்டும் பொருந்தாமல் நகல் எடுக்கும் வேலை ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை போயின. நடந்ததை அந்த நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களால் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிகிறது.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். “பேக்கப் இருக்கிறதா?” என்று கேட்பதில்லை. “கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தோம்?” என்று கேட்பேன். பாடம் நடத்தியாகிவிட்டதா என்று கேட்பதற்கும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும்.

இரவு 10 மணி முதல்

10 மணிக்குக் கதவைச் சாத்துவோம். அறிவிப்புப் பலகை ஏறும். ஆனால் உள்ளே சிலர் இன்னும் பதிந்துகொண்டிருப்பார்கள். அவர்களைப் பாதியில் துண்டிக்கக் கூடாது. ஒரு மாணவி ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளியில் நீக்க வேண்டும், புதிய பள்ளியில் சேர்க்க வேண்டும். நீக்கிய பின், சேர்ப்பதற்கு முன் மின்சாரம் போனால் அவள் எந்தப் பள்ளியிலும் இல்லை. ஆகவே தரவுத்தளம் இரண்டையும் ஒரே செயலாகக் கட்டி வைக்கும். இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது. நடப்பதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் பதிவேட்டில் கை வைக்கும். உள்ளே ஓடும் செயல்கள் முடியும்வரை காத்திருப்போம்.

அடுத்து கடைசிக் காப்பு நகல். பிறகு பழைய சர்வரை நிறுத்திவிட்டுத் தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றுவோம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோப்புகளை முழுதாக நகலெடுத்துப் புதியதிடம் கொடுப்பது. இன்னொன்று, நகலெடுக்காமல் அதே கோப்புகளைப் புதியதும் பயன்படுத்தும்படி இணைப்பது. இரண்டாவது வழி சில நிமிடங்களில் முடியும். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதைப் பாதுகாப்பாக மீண்டும் இயக்க முடியாது. முதல் வழிக்கு மணிக்கணக்கில் ஆகும். பழைய பதிவேடு மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும். நான் பெரும்பாலும் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மறுநாள் காலை தளம் மெதுவாக இருக்கிறதே என்று நீங்கள் சலித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. எந்த அட்டவணையில் எவ்வளவு தரவு, எது எங்கே அதிகம் என்ற மதிப்பீட்டைத் தரவுத்தளம் குறித்து வைத்திருக்கும். அதைக் கொண்டுதான் எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று முடிவு செய்யும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 18-க்கு முந்தைய பதிப்புகளில், மேம்படுத்தும்போது அந்த மதிப்பீடு கூட வராது, புதிதாகத் திரட்ட வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் தரவும் நினைவகத்தில் இன்னும் ஏறியிருக்காது. புதிதாக மாறுதலில் வந்த ஆசிரியர் முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு நேர்ந்தது

இனி என் தவறைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பல கல்லூரிகளின் சேர்க்கை விண்ணப்பங்களை வைத்திருந்த ஒரு தரவுத்தளத்தை மேம்படுத்தினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அந்த இரவுக்கு நான்தான் பொறுப்பு. புதிய பதிப்பு, புதிய இயந்திரம், அதில் புதிய இயங்குதளம். ஒத்திகை இரண்டு முறை நன்றாக முடிந்திருந்தது. அன்று இரவும் எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. விண்ணப்பங்களின் எண்ணிக்கை பொருந்தியது. கட்டணக் கூட்டுத்தொகை பைசா பிசகாமல் பொருந்தியது. மணி 4. ஆறு மணிக்குத் திறப்பதாக அறிவித்திருந்தோம். நான் தேநீர் வாங்கிவரச் சொன்னேன்.

எங்கள் குழுவில் ஓர் இளம்பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான். மூடுவதற்கு முன்பே பழைய சர்வரிலிருந்து முப்பது விண்ணப்பங்களைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள். கல்லூரி அலுவலர் எப்படித் தேடுவாரோ அப்படி, ஒவ்வொரு விண்ணப்ப எண்ணாக அடித்துத் தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று, “அக்கா, இதுல மூணு பேரைக் காணோம்” என்றாள்.

எண்ணிக்கை சரியாக இருக்கிறதே, எப்படிக் காணாமல் போகும்? முழுப் பட்டியலை ஓட்டிப் பார்த்தோம். மூவரும் இருந்தார்கள். தேடினால் மட்டும் இல்லை என்றது.

காரணம் புரிய அரை மணி நேரம் ஆனது. லட்சக்கணக்கான வரிகளில் ஒன்றைத் தேடத் தரவுத்தளம் முதலிலிருந்து புரட்டாது. இண்டெக்ஸ் என்ற வரிசைப்படுத்திய பட்டியலை வைத்திருக்கும். அகராதியில் சொல் தேடுவது போல நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்துப் போகும். எது முன், எது பின் என்ற விதியை அது இயங்குதளத்திடம் கேட்டுக்கொள்ளும். லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு 2018-இல் வந்தபோது இந்த விதி மாறியது. உதாரணமாக, ‘11’, ‘1-1’ என்ற இரண்டில் முன்பு 11 முதலில் வரும். புதிய விதியில் 1-1 முதலில் வரும்.

எங்கள் விண்ணப்ப எண்களில் சிலவற்றில் நடுவே சிறுகோடு இருந்தது, சிலவற்றில் இல்லை. பட்டியல் பழைய விதிப்படி அடுக்கியது. தேடியவர் புதிய விதிப்படி தேடினார். அதனால் தவறான பக்கத்தைத் திறந்து பார்த்து “இல்லை” என்று சொல்லிவிட்டார். நான் ஒத்திகை பார்த்த இயந்திரத்தில் இயங்குதளம் பழையதாகவே இருந்தது. அதுதான் என் தவறு. தேர்வு எழுதும் அறையை விட்டுவிட்டு வேறு அறையில் ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

இண்டெக்ஸ்களை மறுபடி கட்டினால் சரியாகிவிடும். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று கணக்கு வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆறு மணிக்குத் திறந்துவிடலாம். முப்பதில் மூன்றுதானே. பகலில் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம்” என்றேன். பதினான்கு மணி நேரமாக விழித்திருந்தேன். அறிவித்த நேரம் தவறினால் யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அக்கா, காலேஜ்ல தேடுவாங்க. இல்லைன்னு வரும். அந்தப் பொண்ணு விண்ணப்பமே போடலைன்னு சொல்லிருவாங்க. இல்லாட்டி புதுசா இன்னொண்ணு ஏத்துவாங்க. ஒருத்தர் ஏத்திட்டாலே நாம பழசுக்குத் திரும்ப முடியாது.”

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒரே எண்ணை இரண்டாம் முறை பதிய விடாமல் தடுக்கும் காவலும் அதே இண்டெக்ஸைப் பார்த்துத்தான் தடுக்கிறது. அதன் கண்ணும் கட்டப்பட்டிருந்தது. திறந்த பிறகு புதிய பதிவுகள் வரத் தொடங்கினால் அவை பழைய சர்வரில் இருக்காது. திரும்பினால் அவை போகும், திரும்பாவிட்டால் குழப்பம் பெருகும்.

5 மணிக்குப் பழைய சர்வரை இயக்கினோம். 6 மணிக்குத் தளம் திறந்தது. பழையது, அதே பதிப்பு. இரவு முழுதும் செய்த வேலையில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் அதே அறிவிப்பு மறுபடி வந்தபோது கல்லூரிகளிலிருந்து கோபமான அழைப்புகள் வந்தன. “போன வாரம்தானே மூடினீர்கள், அப்போது என்ன செய்தீர்கள்?” என்றார்கள். அவர்களிடம் நடந்ததைச் சொன்னோம். இரண்டாம் முறை, இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுவதும் பட்டியலில் இருந்தது. முப்பது எண்களும் கிடைத்தன.

சந்தேகத்தோடு திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அமைப்பு தயாராக இல்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-இல் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

இதை நீங்கள் பிள்ளைகளோடு விளையாடிப் பார்க்கலாம். இருபது பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசையில் நிறுத்துங்கள். ஒரு மாணவர் தேடுபவர். நடுவில் நிற்பவரின் பெயரைக் கேட்டு, தேடும் பெயர் முன்னா பின்னா என்று முடிவு செய்து பாதியை ஒதுக்கிவிட வேண்டும். அதிகபட்சம் ஐந்து கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம். ஆயிரம் பேர் நின்றால் பத்துக் கேள்விகள். பத்து லட்சம் பேர் என்றாலும் இருபதுதான். இரண்டின் அடுக்குகளைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது தேடுபவரை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளைகளைத் தலைப்பெழுத்தையும் சேர்த்துப் பார்க்கும் வரிசையில் மாற்றி நிறுத்துங்கள். தேடுபவர் பழைய விதிப்படியே தேடட்டும். அந்தப் பிள்ளை கண்ணெதிரே நிற்கும். தேடுபவர் “இல்லை” என்பார். வகுப்பே சிரிக்கும். அன்று காலை 4 மணிக்கு நாங்கள் பார்த்ததும் அதுவேதான், சிரிக்கத்தான் முடியவில்லை.

உங்களிடம் சில வேண்டுகோள்கள்

மூடும் நேரத்துக்கு முந்தைய பத்து நிமிடங்களில் பெரிய பதிவு எதையும் தொடங்க வேண்டாம். கடைசியாகப் பதிந்த இரண்டு மூன்று பெயர்களைத் தாளில் குறித்து வையுங்கள். மறுநாள் காலை அவற்றைத் தேடிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் பெயர் கிடைக்காவிட்டால் உடனே புதிதாகச் சேர்த்துவிடாதீர்கள். முதலில் தெரிவியுங்கள். தலைப்பெழுத்தையும் புள்ளியையும் இடைவெளியையும் எப்போதும் ஒரே முறையில் பதியுங்கள். கோடு ஒன்று கூடக் குறைய இருந்ததால் மூன்று பேர் மறைந்த கதையை இப்போதுதான் கேட்டீர்கள்.

எங்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. “சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்று மட்டும் எழுதிவிட்டு ஒதுங்காமல், எதற்காக மூடுகிறோம் என்பதையும் இரண்டு வரி எழுத வேண்டும். கல்லூரிகளிடம் நாங்கள் உண்மையைச் சொன்ன பிறகு கோபம் தணிந்துவிட்டது. சிலர் தாங்களாகவே அடுத்த நாள் எண்களைத் தேடிப் பார்த்துச் சொன்னார்கள்.

அந்தப் பெண் இப்போது வேறொரு குழுவுக்குத் தலைவி. முப்பது எண்களை அச்செடுக்கும் வழக்கத்தை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “பழைய பதிவேட்டை எத்தனை நாள் வச்சிருப்பீங்க?” என்று கேட்டார். முப்பது நாள் என்றேன். “போதாது” என்றார்.

இப்போது தொண்ணூறு நாள் வைத்திருக்கிறோம்.